ஒரு தெருவுக்கு ஒரு விரல்

ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டு வாசலில், பூக்கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே, ஒரு பெரிய குடை விரிந்திருக்கும். கீழே ஒரு மடக்கு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் உண்ணாமலை இருப்பாள், இன்னொன்றில் அன்றைக்கு மாட்டியவர். செல்போன் கம்பெனிகள் வந்தன, ஒன்றையொன்று விழுங்கின, மூட்டையைக் கட்டிக்கொண்டு போயின. அதற்கேற்ப குடையின் நிறம் மாறியது. நாற்காலியும் அவளும் அங்கேயேதான் இருந்தார்கள்.

கழுத்தில் தொங்கும் அட்டை அவளை ப்ரமோட்டர் என்கிறது. ஊர் அவளை சிம்மு அக்கா என்கிறது. ரீசார்ஜ் விலை ஏறும் வாரங்களில் ஊர் வேறு சில பேர்களும் வைக்கும், அவற்றை எழுத வேண்டாம். எந்தப் பேரில் கூப்பிட்டாலும் அவள் திரும்பிப் பார்ப்பாள். கூப்பிடுகிறவர் புது சிம் வாங்க வந்தவராகவும் இருக்கலாம் அல்லவா.

யோசித்துப் பார்த்தால் அவள் இத்தனை வருஷமும் விற்றது இலவசத்தைத்தான். முதலில், வருகிற அழைப்புக்குக் காசில்லை என்றாள். பிறகு ஆயுசுக்கும் ரீசார்ஜ் வேண்டாம் என்று ஒரு கார்டு வந்தது. யாருடைய ஆயுசு என்று யாரும் கேட்கவில்லை, வாங்கினவர்கள் எல்லாம் நன்றாக இருக்கும்போதே கார்டு செத்துப்போனது. அப்புறம் ராத்திரியில் பேசினால் இலவசம், சொந்தக்காரருக்குள் பேசினால் இலவசம் என்று போனது. கடைசியில் நெட்டே இலவசம் என்று ஒரு காலம் வந்தபோது, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாள் மாதிரி ஜனம் அவள் குடைக்கு முன்னால் நின்றது. அது முடிந்து விலை வைத்த அன்று, வைத்தவர்கள் எங்கோ பம்பாயில் ஏசி அறையில் இருந்தார்கள். வெயிலில் உட்கார்ந்து திட்டு வாங்க உண்ணாமலை ஆரணியில் இருந்தாள்.

சலுகையைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் பாதியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இலவசம் முடிந்த பிறகு என்ன ஆகும் என்கிற இரண்டாம் பாதியை, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். அநேகமாக யாரும் கேட்க மாட்டார்கள். இலவசம் என்று காதில் விழுந்த பிறகு மனுஷனுக்குக் கேள்வி வராது. நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை, கேட்காததைச் சொன்னதில்லை, அவ்வளவுதான் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொள்வாள். இதை அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டில் புருஷன் பன்னீர்செல்வம் படுத்த படுக்கை. ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினவன், ஒருநாள் இடுப்பு பிசகியது, பிசகினது பிசகினதுதான். அதனால் குடைதான் வீடு. இது அவளுக்கும் தெரியும், அவளுக்கு மேலே இருக்கும் டிஸ்ட்ரிப்யூட்டர் சிவகுமாருக்கும் தெரியும். மாதக் கடைசியில் டார்கெட் எட்டவில்லை என்றால் சிவகுமார் கத்த மாட்டான். "பன்னீர் எப்படி இருக்காரு?" என்று விசாரிப்பான். அந்த விசாரிப்புக்கு நாலு திட்டே மேல்.

அப்படி ஒரு மாதக் கடைசியில்தான் அவள் முள்ளிப்பட்டுக்குப் போனாள்.

முள்ளிப்பட்டில் வீட்டுக்கு வீடு தறி ஓடும். ஆரணியில் இருக்கும் அருணகிரி முதலியார் போன்றவர்கள் பாவும் ஜரிகையும் கொடுத்து, இன்ன நிறம் இன்ன புட்டா என்று சொல்லி அனுப்புவார்கள், இவர்கள் நெய்து கொடுப்பார்கள். முன்பெல்லாம் ஆள் வந்து சொல்லும். இப்போது அருணகிரி முதலியார் படம் எடுத்து போனில் அனுப்பத் தொடங்கியிருந்தார். பட்டன் போன் வைத்திருந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரன் போனை எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனி ஒரு சலுகை விட்டது. பழைய பட்டன் போனைக் கொடுத்துக் கொஞ்சம் முன்பணம் கட்டினால் புது ஸ்மார்ட்போன் கையில், அதோடு வருகிற புது நம்பரில் ஒரு வருஷம் பேச்சும் நெட்டும் இலவசம். உண்ணாமலைக்கே அது நல்ல சலுகை என்று தோன்றியது. அப்படித் தோன்றுவது அபூர்வம்.

தெருவின் நடுவில் இருக்கும் பச்சையப்பன் வீட்டில் மேசை போட்டாள். பச்சையப்பன் அந்தத் தெருவுக்குப் பெரியவர், வயதிலும் சத்தத்திலும். முதல் ஆளாக அவரே வந்து, ஆதார் ரேகை பார்க்கிற மெஷினில் விரல் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த விரலை வைத்தார். மறுபடி சிவப்பு. பத்து விரலும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. பட்டு இழையைச் சாம்பல் தொட்டுத் திரித்துத் திரித்தே ரேகை தேய்ந்த கை அது. அவருக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் அதே கதைதான். பெண்களும் தறிக்குக் கூட உட்கார்ந்து இழை திரிக்கிறவர்கள்தான், அவர்கள் விரலையும் மெஷின் மதிக்கவில்லை. டார்கெட் முழுக்க எதிரே நிற்கிறது, ஒருவர் கைக்கும் பச்சை விளக்கு எரியவில்லை. உண்ணாமலைக்கு அழுகை வந்தது.

அப்போது, அதே தெருவில் தறி நெய்கிற குமரேசனின் பெண்டாட்டி ராதிகா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பெரணமல்லூர் பக்கம் மல்லாட்டை பயிர் வைக்கிற வீட்டிலிருந்து வந்தவள், தறியை இன்னும் தொட்டிருக்கவில்லை. அவளை வைக்கச் சொன்னார்கள். வைத்தவுடன் பச்சை எரிந்தது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர்க் குழாய்க்கு மனு என்றாலும், கூழ் ஊற்றுகிற விழாவுக்கு மைக் செட் சொல்வதென்றாலும், தெருவுக்காக யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். தனித்தனியாகப் போய் நிற்பது அவர்களுக்குப் பழக்கமில்லை. அதனால் பச்சையப்பன், ஒரே தெரு ஒரே ஜனம், எல்லா நம்பரும் அந்தப் பொண்ணு பேரிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றபோது யாருக்கும் அது விபரீதமாகப் படவில்லை. உண்ணாமலைக்குப் பட்டது. ஒருவர் பேரில் இத்தனைதான் என்று அரசாங்கம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது, சின்னத் தெரு, வீட்டுக்கு ஒரு நம்பர் என்றால் அந்த வரம்புக்குள் அடங்கும், மெஷின் தடுக்காது. ஆனால் இன்னொருவர் வைத்துக்கொள்ளப் போகிற நம்பருக்கு ராதிகா விரல் வைப்பது தப்பு என்பது தெரிந்தேதான் உண்ணாமலை செய்தாள். ராதிகா அன்று ஒவ்வொரு வீட்டுக்காரர் பக்கத்திலும் உட்கார்ந்து விரல் வைத்தாள். தெருவே அவளைக் கொண்டாடியது. வந்து இறங்கிய நாளிலிருந்து அவளை யாரும் ஒன்றுக்கும் கேட்டதில்லை, அன்றுதான் எல்லோருக்கும் அவள் வேண்டியிருந்தது. "தெரு பூரா என் பேருல பேசப் போவுது" என்று உண்ணாமலையிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பேசவும் செய்தது. பழைய நம்பர்களுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டார்கள், அவை செத்தன. முதலியாருக்குப் புது நம்பரைக் கொடுத்தார்கள். பேங்கு, கேஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அதுவே என்றானது. ஒரு வருஷம் இலவசம் என்றால் மனுஷன் தன் வாழ்க்கையையே தூக்கி அதில் வைத்துவிடுகிறான். கம்பெனிக்கு வேண்டியதும் அதுதான்.

ராதிகாவின் கையிலும் ஒரு போன் இருந்தது. செய்யாறு பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனிக்குப் பெண்கள் வேண்டும், வேன் வந்து ஏற்றிக்கொள்ளும் என்று அதில் ஒருநாள் செய்தி வந்தது. போகிறேன் என்றாள். தறிக்குக் கூட உட்கார ஆள் வேண்டுமே என்றான் குமரேசன். அவன் அடிக்கிறவனும் இல்லை, குடிக்கிறவனும் இல்லை. மாட்டேன் என்றுகூடச் சொல்ல மாட்டான், பார்க்கலாம் என்பான். பார்க்கலாம் பார்க்கலாம் என்றே மாதங்கள் போயின. மாமியார் மூக்கைச் சிந்தினாள், பச்சையப்பன் புத்தி சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை ராதிகா பையை எடுத்துக்கொண்டு பெரணமல்லூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். அங்கிருந்தே வேலையில் சேர்ந்தும் விட்டாள். இது உண்ணாமலை காதுக்கு வந்தபோது, கெட்டிக்காரிதான் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு மறந்தும் போனாள்.

மறக்க முடியாதபடி சிவகுமாரின் போன் வந்தது. ஒரே பேரில் பல நம்பர் வைத்திருப்பவர்களை மறுபடி சரிபார்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவாம். விரல் வைத்தவரே வந்து மறுபடி வைக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் போகிற அழைப்பு நிற்கும், பிறகு வருகிற அழைப்பு நிற்கும், பிறகு நம்பரே போய்விடும். விற்றவரின் கோடும் போகும். கோடு என்பது அவளுக்குக் கம்பெனி கொடுத்திருக்கும் அடையாள எண். அது இல்லையென்றால் குடை இல்லை. சிவகுமார் அன்றைக்குப் பன்னீரைப் பற்றி விசாரிக்கவில்லை. "என்னால ஒன்னும் பண்ண முடியாது, உண்ணாமலை. ஜல்தியா அந்தப் பொண்ண புடி" என்றான்.

முள்ளிப்பட்டில் அதற்குள் எல்லோர் போனுக்கும் எச்சரிக்கை வந்திருந்தது. உண்ணாமலை போய் இறங்கினபோது பச்சையப்பன் வீட்டு வாசலில் கூட்டம். திட்டப் போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு போனாள். அவர்கள் திட்டவில்லை. உட்காரச் சொல்லி காபி கொடுத்தார்கள்.

பச்சையப்பன் நிதானமாகச் சொன்னார். கடவுளாகப் பார்த்துக் கொடுத்த வழி இது. நம்பருக்காகவாவது ராதிகா தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும். விரல் வைக்க என்று சொல்லி உண்ணாமலை அழைத்து வந்துவிட்டால் போதும், வந்தவளை உட்கார வைத்துப் பேசிச் சேர்த்து வைப்பது தெருவின் பொறுப்பு. நம்பரும் பிழைக்கும், குடும்பமும் பிழைக்கும், உண்ணாமலை கோடும் பிழைக்கும். ஒரு கல்லில் எத்தனை மாங்காய் என்று அவருக்கே பெருமை தாங்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

குமரேசன் தறிக்குழியிலேயே இருந்தான். கூட்டத்துக்கு வரவில்லை. உண்ணாமலை கிளம்பும்போது அவன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டு, "அக்கா, அவ நல்லா இருக்காளான்னு மட்டும் பாத்துகினு வா" என்றான். அந்த ஒரு பேச்சில் அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததால் பாரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மெஷினைத் தூக்கிக்கொண்டு பெரணமல்லூருக்கே போய் விரலை வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று யாருக்கும் தோன்றும். அது நடக்காது. அவள் கோடு ஆரணி எல்லைக்குள்தான் வேலை செய்யும். பெரணமல்லூர் வேறொரு டிஸ்ட்ரிப்யூட்டரின் ராஜ்யம், அங்கே போனால் மெஷின் வாயைத் திறக்காது. இத்தனை பேருக்கும் பேர் மாற்றிக் கொடுக்கலாம் என்றாலோ, இரண்டு தரப்பும் வேலூரில் கம்பெனி ஷோரூமில் ஒன்றாகப் போய் நிற்க வேண்டும். ராதிகாவும் தெருவும் ஒன்றாக நிற்கிற நிலைமையிலா இருக்கிறார்கள்? ஆகவே அவள் ஆரணிக்கு வந்தே ஆக வேண்டும். வரவழைக்க வேண்டியது உண்ணாமலை.

வேன் திரும்புகிற நேரம் பார்த்து சாயங்காலம் பெரணமல்லூரில் இறங்கினாள். பஸ்ஸில் வந்த நேரம் முழுக்க என்ன சொல்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அவளுக்கா சொல்லத் தெரியாது? ஒரு விரல்தானே ராதிகா, வெச்சுட்டு வந்துடலாம், நான் கூட இருக்கேன். இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. இப்படிச் சொல்லி அவள் எத்தனையோ பேரை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாள். கால் வலித்தது. வேன் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது, அதன் பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்த வேலையே வேண்டாம் என்று அவளுக்குப் பட்டது. வேண்டாம் என்றால் பன்னீருக்கு மாத்திரை யார் வாங்குவது என்றும் உடனே பட்டது.

வேனிலிருந்து இறங்கிய பெண்களில் ராதிகாவை முதலில் அடையாளம் தெரியவில்லை. கம்பெனி ஓவர்கோட் போட்டிருந்தாள், முகம் வாடியிருந்தது, கண்ணில் தூக்கம். ஆனால் நடை வேறாக இருந்தது. யாருக்கும் வழிவிடாமல் நடந்தாள். உண்ணாமலையைப் பார்த்ததும் நின்று, "எனக்கும் மெசேஜ் வந்துச்சு. நீ வருவேன்னு தெரியும்" என்றாள்.

இரண்டு டீ சொன்னாள் உண்ணாமலை. ஆபீஸ் உத்தரவைச் சொன்னாள், தெருவில் யார் யாருக்கு எதெது நிற்கும் என்று சொன்னாள், தன் கோடு போய்விடும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். ராதிகா ஆறிப்போகும்வரை டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். இடையில், "எனக்கு இன்னா ஆஃபர்?" என்று ஒரு சிரிப்புச் சிரித்தாள். ஒன்றும் இல்லை என்றாள் உண்ணாமலை. அவள் தொழிலில் அந்தப் பதிலைச் சொல்வது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பிறகு ராதிகா சிரிப்பை நிறுத்திவிட்டு நேராகப் பார்த்தாள்.

"அக்கா, ஒன்னு கேக்கறேன். தெருவுக்கு வந்து விரலு வெச்சா, என்ன திரும்ப அனுப்புவாங்களா?"

உண்ணாமலைக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஏன் அனுப்ப மாட்டாங்க என்று திருப்பிக் கேட்டால் போதும். அது பொய்கூட இல்லை, வெறும் கேள்வி. அவள் வாயைத் திறந்தாள். எதிரே இருந்த முகத்தில் அத்தனை அசதி. காலையில் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்க்கிற அதே அசதி.

"அனுப்ப மாட்டாங்க" என்றாள். "பச்சையப்பன் அண்ணா எல்லாரையும் சேத்து வெச்சிகினு இருக்காரு. உன் மாமியாரு அழுவாங்க. கடைசி பஸ்ஸு போற வரைக்கும் பேசிகினே இருப்பாங்க. ஒரே ஒரு ராத்திரி இருன்னுவாங்க. காலைல உன் வேனு போயிடும். அப்பறம் ரெண்டு நாளு, அப்பறம் ஒரு வாரம். அவ்ளோதான், வேலை போயிடும். நான் கூட இருப்பேன். இருந்து இன்னா பண்ண? ஒன்னும் பண்ண முடியாது."

சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. மூட்டை இறக்கினது போல் இருந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பயமாக இருந்தது. கோடு போச்சு, குடை போச்சு என்று உள்ளே ஒரு குரல் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது.

"இத்த சொல்லாம கூட்டிகினு போயிருக்கலாமே நீ" என்றாள் ராதிகா.

"போயிருக்கலாம். நீ கேட்டுட்டியே."

டீக்கடைக்காரர் கிளாசை எடுத்துக்கொண்டு போனார். பச்சையப்பன் மாமாவுக்கு பேங்கு மெசேஜ் எல்லாம் அந்த நம்பரில்தானா என்று கேட்டாள் ராதிகா. ஆமாம். எதிர்வீட்டுப் பிள்ளைக்கு காலேஜ் அட்மிஷன் அந்த நம்பரிலா? ஆமாம். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனால் தன் விரலால் திறந்ததைத் தானே மூடுவதற்கு மனசு வரவில்லை என்பது அவள் கேட்கிற விதத்திலேயே தெரிந்தது. கடைசியில் எழுந்து, ஞாயிற்றுக்கிழமை லீவு, பஸ் ஸ்டாண்டில் குடைக்கு வருகிறேன், வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன், தெருவில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்றாள். குமரேசன் விசாரித்ததை உண்ணாமலை சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டே ராதிகா வீட்டைப் பார்த்து நடந்தாள்.

முள்ளிப்பட்டுக்கு உண்ணாமலை போகவில்லை. பச்சையப்பன் போன் செய்தபோதெல்லாம், பேசிகினு இருக்கேன் அண்ணா என்றாள். மறுபடியும் முதல் பாதி.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் முகூர்த்தக் கூட்டம். பட்டுப் புடவை எடுக்க வந்தவர்கள், பை பையாக இறங்கினார்கள், ஏறினார்கள். ராதிகா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மெஷினை எடுத்து வைத்தாள் உண்ணாமலை. முதல் தடவை சிவப்பு விளக்கு எரிந்ததும் இருவருக்கும் முகம் செத்துவிட்டது. ராதிகா விரலைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பச்சை. பச்சையப்பன் நம்பர் பிழைத்தது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு நம்பருக்கும் உண்ணாமலை பேரைச் சொல்ல, ராதிகா தலையாட்டிவிட்டு விரலை வைத்தாள்.

கடைசியாக நின்றது குமரேசன் நம்பர். உண்ணாமலை தானாகவே, இது உன் இஷ்டம், வேண்டாமென்றால் விட்டுவிடு, ஒன்று போனால் என் கோடு போகாது என்றாள். ராதிகா விரலை மெஷினுக்கு மேலே பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். அப்புறம் வைத்தாள்.

பச்சை எரிந்த பிறகும் உண்ணாமலை அவள் முகத்தையே பார்த்தாள். மனம் இளகிவிட்டதோ என்று ஒரு நப்பாசை. மனுஷ மனசு இல்லையா, சேர்ந்தால் நல்லதுதானே.

"இது கட்டாச்சுன்னா நேர்ல வந்து எங்க ஊட்டாண்ட நிப்பாரு" என்றாள் ராதிகா. "வந்து நின்னாருன்னா நான் போயிடுவேங்க்கா. அந்த மூஞ்சப் பாத்தா போயிடுவேன். போன்லயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு எழுந்து போய், கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

உண்ணாமலை எல்லாவற்றையும் யோசித்தவள் ஒன்றை யோசிக்கவில்லை. ஒவ்வொரு நம்பரும் சரிபார்க்கப்பட்டதும் அந்தந்தப் போனுக்கு, உங்கள் எண் உறுதி செய்யப்பட்டது, நன்றி என்று கம்பெனியே செய்தி அனுப்பிவிடும். முள்ளிப்பட்டில் வரிசையாகப் போன்கள் கிணுகிணுத்தன. தெருவுக்கு விஷயம் புரிய எவ்வளவு நேரம் ஆகும்?

பைக்கில் வந்து சேர்ந்தான் குமரேசன். தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தான், லுங்கியில் இழைத் துணுக்கு ஒட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டு முழுக்க ஒரு சுற்றுப் பார்த்தான். பெரணமல்லூர் பஸ் நிற்கிற இடம் காலியாக இருந்தது. மூச்சிரைக்கக் குடைக்கு வந்தான்.

பச்சையப்பன் மாமா உன்னை இனிமேல் தெருப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றான் முதலில். உண்ணாமலை தலையசைத்தாள். எதிர்பார்த்ததுதான். இத்தனை நம்பரையும் காப்பாற்றிக் கொடுத்ததற்குக் கிடைத்த மரியாதை. அந்தத் தெருவில் இனி ஒரு சிம் விற்க முடியாது.

அவன் திட்டுவதற்கு வரவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. போனை எடுத்து அந்தச் செய்தியை அவளிடம் காட்டினான். உறுதி செய்யப்பட்டது என்கிற வரியைக் கட்டை விரலால் தடவியபடி, "என் நம்பருக்கும் வெச்சிருக்கா, பாத்தியா" என்றான். முகம் விரிந்திருந்தது. "கோவம் இருந்தா என்னுத மட்டும் வுட்டுருப்பா இல்ல? அப்போ மனசுல ஒன்னும் இல்ல. நானு போயி கூப்புட்டா வந்துடுவா, இன்னாக்கா சொல்ற?"

ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிடலாம். சந்தோஷமாகப் போவான். நேராகப் பெரணமல்லூருக்குப் போவான். அந்த வீட்டு வாசலில் போய் நிற்பான், ஒரு வார்த்தையும் பேசாமல், இதே முகத்தோடு. உண்ணாமலை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு யாராவது வேறு ஒருத்தி இதைச் சொல்லக்கூடாதா என்று இருந்தது.

"கோவம் இல்லதான் குமரேசா" என்றாள். "ஆனா நீ போவாத. நீ வந்து நிக்கக் கூடாதுன்னுதான் வெச்சா. நம்பரு இருந்தா போன்லயே பேசுவ, நேர்ல நீ வரமாட்டன்னு. நீ நின்னா அவ வேலைய வுட்டுட்டு வந்துடுவா. அது அவளுக்குத் தெரியும். அதுக்கு பயந்துகினுதான் வெச்சா."

அவன் கேட்டுக்கொண்டே நின்றான். புரிய நேரம் எடுத்தது. புரிந்தபின், போனைச் சட்டைப் பையில் வைத்தான், மறுபடி எடுத்தான், என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். பிறகு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரத்தில் கிராமத்துப் பெரியவர் ஒருவர் பெண்டாட்டியோடு குடைக்குள் தலையை நீட்டினார். போன் கொடுக்கிறீர்களாமே, எத்தனை நாளைக்கு ஃப்ரீ என்று கேட்டார். உட்கார இடம் தேடினார். குமரேசன் எழுந்திருப்பதாக இல்லை, அவனை எழுந்திரு என்று சொல்ல உண்ணாமலைக்கும் வாய் வரவில்லை. தன் நாற்காலியைத் தூக்கிப் பெரியவருக்குப் போட்டுவிட்டு, நின்றபடியே சலுகையைச் சொல்லத் தொடங்கினாள்.